எம்பிலிப்பிட்டியவிலிருந்து அத்திலாந்திக்கைக் கடக்க

எம்பிலிப்பிட்டிய என்றதும் நம்மவர்க்கு முதலில் நினைவில் எழுவது எருமைத் தயிர். மண்சட்டிகளை அடுக்கடுக்காக வைத்துப் பாதையோரத்தில் விற்கும் கடைகளைக் கண்டதும், வாகனத்தில் வருவோர் இறங்காமல் போவதில்லை. இரத்தினபுரி மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள இவ்வூருக்குப் பெல்மதுளையிலிருந்து ஏ18 வீதி வழியாக வரவேண்டும். காவத்தை, கொடகவெல என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னே நகர, தேயிலைச் சரிவுகளும் இறப்பர் மரநிழலும் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வரும். பல்லேபெத்தயைத் தாண்டிய பின்னர் காற்றே வேறு காற்றாகிவிடும். மலையின் ஈரம் நீங்கி, வரண்ட வலயத்தின் வெப்பம் முகத்தில் அடிக்கும். வளவை கங்கையை மறித்து 1960களில் கட்டப்பட்ட உடவளவை நீர்த்தேக்கம் இல்லாதிருந்தால் இங்கே இத்தனை நெல்வயல்களும் வாழைத் தோட்டங்களும் இருந்திரா. அந்நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காடு 1972இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அதன் வேலியோரத்தில் நின்று, போவோர் வருவோரிடம் பழம் கேட்கும் யானைகளை எமது மாணவர்கள் "சுங்க அதிகாரிகள்" என்றே அழைக்கின்றனர்.

இத்தகைய ஊரில் நின்றுகொண்டு அத்திலாந்திக் சமுத்திரத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று வாசகர்கள் வினவலாம். காரணம் உண்டு. எம்பிலிப்பிட்டியவிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரத்தில் ஒரு சர்வதேச விமான நிலையம் இருக்கிறது. 2013 மார்ச் 18ஆம் திகதி திறந்து வைக்கப்பட்ட மத்தல விமான நிலையமே அது. 3,500 மீற்றர் நீளமான ஓடுபாதை, ஆண்டுக்குப் பத்து இலட்சம் பேரை ஏற்கத்தக்க கட்டடம், சுமார் 209 மில்லியன் டொலர் செலவு, அதன் பெரும்பகுதி சீனக் கடன். உலகின் மிகப் பெரிய விமானமும் அங்கே இறங்கலாம். இறங்குவதற்கு விமானங்கள்தாம் வரவில்லை. நம் நாட்டின் தேசிய விமான சேவை 2015 ஜனவரியில் அங்கிருந்து விலகிக்கொண்டது. துபாயிலிருந்து வந்துகொண்டிருந்த சேவையும் 2018இல் நின்றுபோயிற்று. ஒரு காலத்தில் அதன் களஞ்சியத்தில் நெல் மூட்டைகளை அடுக்கிவைத்தனர். 2016இல் ஓடுபாதைப் பக்கம் வரும் யானைகளையும் மான்களையும் விரட்டுவதற்குப் படையினரை அழைக்க வேண்டியதாயிற்று.

இதை நாம் ஏளனத்திற்காகச் சொல்லவில்லை. விமானக் கட்டணம் எவ்வாறு அமைகிறது என்பதை மாணவர்களுக்கு விளக்குவதற்கு மத்தலயை விடச் சிறந்த பாடம் வேறில்லை. பஸ் வண்டியில் தூரம் கூடக் கூடக் கட்டணம் கூடும். புகையிரதத்திலும் அவ்வாறே. ஆகாயத்தில் அந்தக் கணக்குச் செல்லாது. விமானத்தின் ஆசனம் வெற்றிலையைப் போன்றது. விமானம் கிளம்பும் கணத்தில் விற்காத ஆசனம் வாடி உதிர்ந்துவிடும், நாளைக்கு வைத்து விற்க இயலாது. ஆகவே சனக்கூட்டம் எங்கே உண்டோ, போட்டியாளர் எங்கே பலரோ, அங்கேதான் கட்டணம் இறங்கும். வீட்டு வாசலில் ஓடுபாதை இருப்பது அதற்குப் போதாது. எம்பிலிப்பிட்டியவாசி கனடாவுக்குப் போகவேண்டுமாயின், அருகிலுள்ள மத்தலயை விட்டுவிட்டு, நேர்கோட்டில் 140 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கட்டுநாயக்கவுக்கே போகவேண்டும். பல நாட்டு விமானங்கள் ஒன்றோடொன்று போட்டியிடும் சந்தை அங்கேதான் கூடுகிறது.

இனி, சப்பிரகமுவத் தோட்டங்களைச் சேர்ந்த குடும்பங்களுக்கு இவ்விஷயம் ஏன் முக்கியமென்று பார்ப்போம். இறக்குவானை, காவத்தை, பலாங்கொடைப் பகுதிகளில், பிள்ளைகளில் ஒருவரேனும் கடல் கடந்திருக்கும் வீடுகள் இன்று பல உண்டு. மத்திய கிழக்குக்குப் போனவர்களே பெரும்பாலானோர். ஆயினும் லண்டனுக்கும், ரொறொன்ரோவுக்கும் போய் நிலைத்துவிட்டவர்களும் இருக்கின்றனர். டிசெம்பர் விடுமுறை நெருங்கும்போது அவ்வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: டிக்கட் என்ன விலை?

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய வரலாறு கிடக்கிறது. இந்தத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் தம் பிரயாணச் செலவைத் தாமே கொடுத்து வந்தவர்கள் அல்லர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகர வில்லை ஒன்று அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது. அதைக் காட்டினால் வழியில் காசு கேட்கமாட்டார்கள். தோட்டத்தை அடைந்த பின்னர் அந்தச் செலவு கடனாகப் பதியப்படும். கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் அதைத் தீர்க்க வேண்டும். ஆக, இலவசம் போலத் தோன்றிய அந்தச் சீட்டே அவர்களுடைய வாழ்நாளின் மிக விலையுயர்ந்த சீட்டாயிற்று. இன்று தகர வில்லை இல்லை. ஆனால் தாலிக்கொடியை அடகு வைத்து வாங்கிய விமானச் சீட்டுகளை நாம் அறிவோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாவென வர்த்தமானியில் வந்தது. கனடாவுக்குப் போய்வரும் சீட்டு மூன்று இலட்சம் ரூபா என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அது 222 நாட்களின் உழைப்பு! அந்தச் சீட்டில் நாற்பதினாயிரம் ரூபா குறைந்தால் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் மிச்சம். நகரத்துக் கனவான்கள் பொழுதுபோக்காகத் தேடும் மலிவுக் கட்டணம் இங்கே ஒரு வீட்டின் கடன் கணக்கில் நேராகப் போய் விழுகிறது. 2022ஆம் ஆண்டில் டொலரின் விலை சில வாரங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, டொலரில் மாறாத கட்டணம் கூட நம் கையில் ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. அப்போது நின்றுபோன பிரயாணங்கள் எத்தனையோ.

அத்திலாந்திக்கைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஏனெனில் உலகில் மலிவு விமானப் பிரயாணத்தின் வரலாறு பெரும்பாலும் அச்சமுத்திரத்தின் மேலேதான் எழுதப்பட்டது. 1958 அக்டோபரில் ஜெட் விமானங்கள் அதைக் கடக்கத் தொடங்கின. அக்காலத்தில் விமானக் கம்பனிகள் தமக்குள் கூடிக் கட்டணத்தை நிர்ணயித்துக்கொண்டன. அதனினும் குறைத்து விற்றல் ஆகாது. அந்தக் கூட்டிற்குக் கட்டுப்படாமல், ஐஸ்லாந்து தேசத்தின் லொஃப்ட்லெயிதிர் என்னும் கம்பனி, பழைய சுழலி விமானங்களில், இடையிலே ரெய்க்யாவிக் நகரில் இறங்கி ஏறி, மெதுவாகவும் மலிவாகவும் மாணவர்களைக் கொண்டுசென்றது. நேரத்தைக் கொடுத்துப் பணத்தை மிச்சம் பிடிக்கும் வழி அன்றே தொடங்கிவிட்டது. வேறொரு வேடிக்கையும் நடந்தது. ஒரு சங்கத்தில் ஆறு மாதமாவது உறுப்பினராயிருந்தவர்கள் சேர்ந்து ஒரு விமானத்தை வாடகைக்கு அமர்த்தலாம் என்றொரு விதி இருந்தது. உடனே சங்கங்கள் பெருகின! சங்கத்தின் நோக்கம் யாதென்றே அறியாத உறுப்பினர் பலர் அட்டையைக் காட்டி ஏறினராம்.

பின்னர் 1977 செப்டெம்பர் 26ஆம் திகதி ஃபிரெடி லேக்கர் என்பவர் லண்டனிலிருந்து நியூயோர்க்குக்குத் தம் 'ஸ்கைட்ரெயின்' சேவையை ஆரம்பித்தார். ஒருவழிக் கட்டணம் 59 பவுண். முன்பதிவு கிடையாது, அன்றன்று வரிசையில் நின்று வாங்கவேண்டும், சாப்பாடு வேண்டுமாயின் தனிக் காசு. பெரிய கம்பனிகளும் வேறு வழியின்றித் தம் கட்டணத்தைக் குறைத்தன. ஆனால் 1982 பெப்ரவரி 5ஆம் திகதி லேக்கரின் கம்பனி கடனில் மூழ்கியது. பிரயாணிகள் நடுவழியில் நின்றனர். 2019 மார்ச்சில் ஐஸ்லாந்தின் 'வாவ்' என்னும் மலிவுச் சேவையும் ஒரே நாளில் மூடுண்டது. அங்கும் அதே காட்சிதான். மலிவு நல்லது. மலிவாக விற்பவர் நம் பிரயாண நாள் வரையிலாவது நிலைத்திருப்பாரா என்பதையும் பார்த்துக்கொள்வது அதனினும் நல்லது.

எமது பழைய மாணவர் ஒருவர் எம்பிலிப்பிட்டிய நகரில் கடையொன்றில் கணக்கெழுதுகிறார். அவருடைய தாயார் இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். அக்காள் ரொறொன்ரோவில் இருக்கிறார், இரண்டு பேரப்பிள்ளைகள், ஒன்றையேனும் பாட்டி கண்டதில்லை. டிசெம்பர் விடுமுறைக்குத் தாயாரை அனுப்ப வேண்டும். மாணவர் கணினியில் தேடி எடுத்த மூன்று வழிகளைத் தாளில் எழுதிக்கொண்டு எம்மிடம் வந்தார்.

"இதுல எது கொறைவோ அதையே எடுத்துரலாம் சேர். வெல கொறைஞ்சா கடன் கொறையும்" என்றார்.

தாளில் இருந்த மூன்றிலும் விலை குறைந்தது நியூயோர்க் வழியாகச் செல்வது. ஆனால் ஐக்கிய அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்குவோரும் குடிவரவுச் சோதனையைக் கடந்தே ஆகவேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு அதற்கென ஓர் இடைவழி விசா தேவை. அவ்விசாவிற்கான கட்டணமும், நேர்முகத்திற்காகக் கொழும்புக்குப் போய்வரும் செலவும், காத்திருக்கும் நாட்களும் அந்தத் தாளில் இல்லை.

இரண்டாவது, கொழும்பிலிருந்து லண்டனுக்கு ஒரு சீட்டு. லண்டனிலிருந்து ரொறொன்ரோவுக்கு வேறொரு கம்பனியின் தனிச் சீட்டு. அத்திலாந்திக்கின் இருகரைக்குமிடையே போட்டி மிகுதியாதலால் அந்த இரண்டாம் சீட்டு வியக்கத்தக்க மலிவாகவே கிடைக்கிறது. ஆயினும் தனித்தனிச் சீட்டென்றால் பயணப்பெட்டியை லண்டனில் வெளியே எடுத்து மறுபடியும் ஒப்படைக்க வேண்டும். அதற்கு எல்லை அதிகாரியின் முன் நின்று நாட்டிற்குள் நுழைய வேண்டும். சில வேளைகளில் ஒரு விமான நிலையத்திலிருந்து மற்றொன்றுக்குப் பஸ் பிடிக்கவும் நேரும். லண்டனில் தனிச் சீட்டோடு ஏறுபவர், ஒரே சீட்டில் இடைவழியாக மாறிச் செல்வோர் கொடுக்க வேண்டியிராத பிரயாணிகள் வரியையும் கொடுக்கிறார். முதல் விமானம் தாமதித்தால் இரண்டாம் கம்பனிக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. சீட்டு வீண், அந்நிய தேசத்தில், ஆங்கிலம் அறியாத ஒரு மூதாட்டி தனியே நிற்பார். சென்னைக்குப் போய் அங்கிருந்து தனிச் சீட்டு வாங்கலாமென்று முகவர்கள் சிலர் கூறும் யோசனையிலும் இதே இடர்தான். அங்கே இந்திய விசாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழி வளைகுடா நகரமொன்றில் மாறிச் செல்லும் ஒரே சீட்டு. மூன்றிலும் தொகை கூடியது இதுவே. பெட்டியைக் கட்டுநாயக்கவில் ஒப்படைத்தால் ரொறொன்ரோவில் வந்து சேரும். இணைப்பு விமானம் தவறினால் அடுத்ததில் ஏற்றிவிடுவது கம்பனியின் கடமை.

ஒரே சீட்டின் அருமையை நம்மவர்க்குப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. 1914 முதல் சென்னை எழும்பூரிலிருந்து கொழும்புக் கோட்டை வரை 'போட் மெயில்' ஓடிற்று. தனுஷ்கோடி வரை புகையிரதம், தலைமன்னார் வரை கப்பல், மீண்டும் புகையிரதம். எல்லாவற்றிற்கும் சீட்டு ஒன்றே. 1964 டிசெம்பரில் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அந்த வழியில் போய்வந்தவர்கள், நடுக்கடலில் சீட்டுச் செல்லுமோ செல்லாதோ என்று கவலைப்பட்டதில்லை.

மூன்று வழிகளின் மறைசெலவுகளையும் தனித்தாளில் கூட்டிப் பார்த்தோம். முதல் வழியின் மலிவு முற்றாகவே கரைந்துபோயிற்று. இரண்டாவதில் கொஞ்சம் மிஞ்சியது. அந்தக் கொஞ்சத்திற்காகத் தாயாரைப் பணயம் வைப்பதா என்று மாணவரே தாளை மடித்துவிட்டார்.

மூன்றாவதன் விலையைக் குறைக்க வழி உண்டா? உண்டு, அதற்கு நாட்காட்டியைத்தான் திறக்கவேண்டும். கனடாவுக்கான கட்டணம் ஆண்டில் இருமுறை உச்சிக்கு ஏறும். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் அங்குள்ள பள்ளி விடுமுறையின்போது ஒரு முறை. டிசெம்பர் நடுப்பகுதியிலிருந்து புத்தாண்டு வரை மறுமுறை. விடுமுறை தொடங்கும் வாரத்தில் எல்லோரும் ஒரே வாசலில் முட்டிக்கொள்கிறார்கள். இங்கே நம் குடும்பங்கள் கவனிக்காத ஒன்று உண்டு. விடுமுறைக்குக் கட்டுண்டவர்கள் பள்ளிப் பிள்ளைகளும் உத்தியோகம் பார்ப்பவர்களும், பாட்டிக்குப் பள்ளிக்கூடமில்லை. அவர் டிசெம்பர் முதல் வாரத்திலேயே போய்ச் சேர்ந்து, பெப்ரவரியில் திரும்பி வந்தால், விடுமுறை முழுவதும் பேரப்பிள்ளைகளோடு இருக்கலாம். விடுமுறைக் கட்டணமோ ஒரு சதமும் கொடுக்கவேண்டியதில்லை. அங்கிருந்து நால்வர் கொண்ட குடும்பம் உச்ச நாட்களில் இங்கே வருவதையும், இங்கிருந்து ஒருவர் சாதாரண நாளில் அங்கே போவதையும் ஒப்பிட்டால் வேறுபாடு நாலு மடங்கன்று, அதற்கும் மேல். பனிக்குளிர் ஒன்றுதான் எதிர்வழக்கு. கம்பளிச் சட்டையை மகள் வாங்கி வைக்கட்டும்.

குடும்பமாகச் செல்வோர்க்கு மற்றொரு நுட்பம். ஒரு விமானத்தின் ஆசனங்கள் ஒரே விலையில் விற்கப்படுவதில்லை. பத்துப் பன்னிரண்டு விலைப் படிகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். கீழ்ப்படி தீர்ந்தபின் மேற்படி திறக்கும். நால்வருக்கு ஒருசேரத் தேடும்போது கீழ்ப்படியில் மூன்று இடமே மிஞ்சியிருந்தால், நால்வருக்கும் மேற்படி விலையே காட்டப்படுவதுண்டு. ஆதலின் ஒருவருக்கென்று தேடி, அந்த விலையையும் பார்த்துவிட்டு முடிவு செய்க.

விசா கிடைக்கு முன் சீட்டு வாங்குதல் பெரும் தவறு; மலிவுச் சீட்டுகளில் பெரும்பாலானவற்றிற்குப் பணம் திரும்பாது. பெற்றோர்க்கும் பாட்டன் பாட்டியர்க்குமெனக் கனடா 2011 டிசெம்பரில் ஏற்படுத்திய 'சுப்பர் விசா'வில் நீண்டகாலம் தங்கலாம். ஆனால் குறைந்தது ஒரு இலட்சம் கனடிய டொலருக்கான மருத்துவக் காப்புறுதி வேண்டும். இரண்டு மாதம் மட்டும் தங்குபவர்க்குச் சாதாரண விருந்தினர் விசாவே போதும். அதற்குக் காப்புறுதி கட்டாயமன்று என்றாலும் முதியோர் அது இல்லாமல் போகலாகாது. அங்கே ஓர் இரவு வைத்தியசாலையில் தங்க நேர்ந்தால், சீட்டில் மிச்சம் பிடித்ததெல்லாம் காலைக்குள் போய்விடும்.

எம்பிலிப்பிட்டியவிலிருந்து கட்டுநாயக்கவுக்கு இரண்டு பாதைகள். பெல்மதுளை, இரத்தினபுரி, அவிசாவளை வழியாகச் செல்வது பழைய பாதை. செலவு குறைவு, ஆனால் மழைக்காலத்தில் இரத்தினபுரியை நம்ப முடியாது. களு கங்கை பெருகினால் நகரமே நீரில் நிற்கும். நோனாகமப் பக்கம் இறங்கி, 2020 பெப்ரவரியில் அம்பாந்தோட்டை வரை நீட்டப்பட்ட தெற்கு அதிவேகப் பாதையைப் பிடிப்பது மற்றொன்று. சுற்றுத்தான், எனினும் நேரம் கைக்குள் நிற்கும். நள்ளிரவு கடந்து புறப்படும் விமானமாயின் முந்திய நாட் பிற்பகலிலேயே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவது நலம். வாடகைக் கார் எடுப்போர் திரும்பும் தூரத்திற்கான கூலியையும் சீட்டின் விலையோடு கூட்டிக்கொள்க.

மாணவரின் தாயாருக்கு டிசெம்பர் 3ஆம் திகதிக்குச் சீட்டு எடுத்தாயிற்று. செப்டெம்பரில் வாங்கியதால், உச்ச வாரத்து விலையை விட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சக்கர நாற்காலி உதவி வேண்டுமென்று சீட்டு வாங்கும்போதே பதிவு செய்யச் சொன்னோம். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை, இடையில் விமானம் மாறும் நிலையத்தில் வாசல் தேடி அலையவும் வேண்டியிராது. நடக்கமாட்டாதவள் என்று நினைப்பார்களே என்று அந்த அம்மாள் முதலில் மறுத்தார். முப்பது வருடம் மலை ஏறி இறங்கிய கால் அல்லவா! மகன் விடவில்லை. விமான இலக்கம், மாறும் நகரம், மகளின் தொலைபேசி எண் ஆகிய மூன்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொட்டை எழுத்தில் எழுதிய அட்டையொன்று அவருடைய சுருக்குப்பையில் இருக்கிறது.